ரிமோட் கட்டிலுக்கு எந்த மெத்தை? – வாசகர் கேள்வி பதில்

பொத்தானை அழுத்தினால் தலைப் பக்கமும் கால் பக்கமும் உயரும் கட்டில்கள் சென்னை வீடுகளில் சாதாரணமாகி வருகின்றன. ஆனால் எங்களுக்கு வரும் கடிதங்களில் கட்டிலைப் பற்றிய சந்தேகம் குறைவு. மேலே போடும் மெத்தையைப் பற்றியதுதான் அதிகம். நியாயம்தான். கட்டில் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உடம்பு படுவது மெத்தையில். இந்த இதழ் முழுவதும் அந்தக் கேள்விகளுக்கே.

அப்பாவுக்காக மோட்டார் கட்டில் வாங்கினோம். வீட்டில் மூன்று வருடமே ஆன 6 இஞ்ச் காயர் மெத்தை நல்ல நிலையில் இருக்கிறது. கட்டில் கடையில் “அதையே போட்டுக்கலாம்” என்கிறார்கள். போடலாமா?
– வாசகி, அண்ணா நகர்

போடாதீர்கள். காயர் மெத்தை மட்டமான மெத்தை என்பதால் அல்ல. சமதளக் கட்டிலுக்கு அது அருமையான மெத்தை. காற்றோட்டம் உண்டு, சென்னைப் புழுக்கத்துக்கு ஏற்றது. அது மடங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல, அவ்வளவுதான்.

தேங்காய் நாரைச் சுருளாக்கி, ரப்பர் பால் தெளித்து, அழுத்திச் சூடாக்கினால் கிடைப்பது காயர் பலகை. நாரும் நாரும் தொடும் இடங்களில் இருக்கும் ரப்பர் ஒட்டுதான் அதன் பலம். கட்டில் மடங்கும்போது இடுப்புப் பக்கத்தில் அந்த ஒட்டு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போகும். முதலில் மொறுமொறுவென்று சத்தம் கேட்கும். பிறகு கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது, சரியாக இடுப்புக் கீலுக்குக் கீழே மட்டும், காப்பிப்பொடி நிறத்தில் ஒரு கோடாகத் தூள் கொட்டியிருக்கும். அதைப் பார்த்துவிட்டால் மெத்தை உள்ளே உடையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அது உடைவதற்கு முன்பே இன்னொரு தொந்தரவு உண்டு. காயர் கீலோடு ஒட்டி மடங்காது. வில் போல வளைந்து நிற்கும். கட்டில் பலகைக்கும் மெத்தைக்கும் நடுவே இடைவெளி விழும். அப்பாவின் கீழ் முதுகு அந்த இடைவெளிக்கு மேலேதான் இருக்கும். தாங்க வேண்டிய இடத்தில் தாங்கல் இல்லாமல் போனால், எதற்காகக் கட்டில் வாங்கினீர்களோ அதுவே வீண்.

ஏன் இப்படி என்பதை ஒரு 200 பக்க நோட்டுப் புத்தகத்தை எடுத்து வளைத்துப் பார்த்தால் புரியும். பக்கங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, ஓரம் சரிவாக நிற்கும். வளைவின் உள்பக்கத்துக்குக் குறைந்த நீளம் போதும், வெளிப்பக்கத்துக்குக் கூடுதல் நீளம் வேண்டும். மெத்தையிலும் இதே கதை. எவ்வளவு வித்தியாசம் என்பதற்குக் கணக்கு எளிது: மெத்தையின் தடிமனைக் கோணத்தால் பெருக்கி 57-ஆல் வகுத்தால் போதும். 6 இஞ்ச் மெத்தையை 60 டிகிரி தூக்கினால் மேல் பக்கத்துக்கும் கீழ்ப் பக்கத்துக்கும் சுமார் 6¼ இஞ்ச் வித்தியாசம். 10 இஞ்ச் மெத்தையில் அது 10½ இஞ்ச். இந்த நீளத்தை மெத்தை எங்காவது ஒளித்துவைத்தாக வேண்டும். உள்ளே அமுங்கி ஏற்றுக்கொண்டால் நல்ல மெத்தை. அமுங்க முடியாவிட்டால் மேலே திரண்டு மேடாகும், இல்லையென்றால் கீழே தூக்கிக்கொண்டு நிற்கும். அதுவும் முடியாவிட்டால் உடையும்.

உங்கள் காயர் மெத்தையை வேறு அறையில் சாதாரணக் கட்டிலில் போடுங்கள். இன்னும் பல வருடம் உழைக்கும்.

லேடெக்ஸ்தான் நல்லது என்கிறார் ஒருவர், மெமரி ஃபோம் என்கிறார் இன்னொருவர், ‘ஆர்த்தோ’ மெத்தை வாங்குங்கள் என்கிறார் மூன்றாமவர். எத்தனை இஞ்ச், என்ன டென்சிட்டி என்று தெளிவாகச் சொல்ல முடியுமா?
– வாசகர், மடிப்பாக்கம்

தடிமனை முதலில் முடிவு செய்யுங்கள். 6 முதல் 8 இஞ்ச் வரை போதும். 10 இஞ்சுக்கு மேல் போனால், மேலே சொன்ன கணக்குப்படி, எந்தப் பொருளாக இருந்தாலும் இடுப்பில் திரளும். 4 இஞ்சுக்குக் கீழே போனால் கனமானவர்களுக்குக் கட்டிலின் கீல் முதுகில் உறைக்கும்.

ரப்பர் பாலை நுரைக்கவைத்து வார்க்கும் இயற்கை லேடெக்ஸ்தான் எங்கள் முதல் தேர்வு. மடங்கும், விட்டதும் உடனே நிமிரும், மடிப்புத் தழும்பு விழாது. டென்சிட்டி 70 முதல் 85 வரை கேளுங்கள். அதாவது ஒரு கன மீட்டருக்கு அத்தனை கிலோ. ஒரே பாளமாக வார்த்ததாக இருந்தால் நல்லது. 2 இஞ்ச் தகடுகளை ஒட்டிச் செய்ததென்றால், பசை முழுப் பரப்புக்கும் தடவியிருக்கக் கூடாது. நோட்டின் பக்கங்களை ஒட்டிவிட்டு வளைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

லேடெக்ஸின் ஒரே பாரம், அதன் பாரம்தான். 60-க்கு 78 இஞ்ச் அளவில், 80 டென்சிட்டியில், 6 இஞ்ச் மெத்தை சுமார் 37 கிலோ. 8 இஞ்ச் என்றால் 49 கிலோ. கட்டிலின் எடைத் தாங்கு அளவு எழுதியிருக்குமே, அதில் ஆட்களின் எடையோடு மெத்தையின் எடையும் சேர்த்தி. பலரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. பிறகு மோட்டார் முனகுகிறது என்று கட்டில்காரரைக் கூப்பிடுகிறார்கள்.

எடை வேண்டாம், செலவும் கட்டுப்பட வேண்டும் என்றால் எச்.ஆர். ஃபோம் (ஹை ரெசிலியன்ஸ், அமுக்கி விட்டதும் சட்டென்று நிமிரும் ஃபோம்). 40 டென்சிட்டிக்குக் குறையாமல் பாருங்கள். மேலே சொன்ன அளவில் 6 இஞ்ச் மெத்தை 18 கிலோதான் வரும். தினமும் மடங்கும் மெத்தைக்கு 28, 32 என்று குறைந்த டென்சிட்டி ஃபோம் தாங்காது. இடுப்புப் பகுதியில் சீக்கிரம் குழி விழுந்துவிடும்.

மெமரி ஃபோம் அழகாக மடங்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அது சூட்டுக்கு இளகும், குளிருக்கு இறுகும். மே மாதம் ஏசி இல்லாத அறையில் உடம்பு உள்ளே புதையும். அதே மெத்தை ஏசியை 22-இல் வைத்தால் படுத்த முதல் சில நிமிடங்கள் கட்டையாக இருக்கும். தலைப் பக்கம் தூக்கியிருக்கும்போது இடுப்பு குழிக்குள் இருந்தால் புரண்டு படுப்பதும் கஷ்டம், அதிலும் வயதானவர்களுக்கு. அதனால் மெமரி ஃபோம்தான் வேண்டும் என்பவர்கள், கீழே எச்.ஆர். ஃபோமும் மேலே 50 டென்சிட்டிக்குக் குறையாத 2 இஞ்ச் மெமரி ஃபோமும் உள்ளதை எடுக்கலாம். முழு மெத்தையும் மெமரி ஃபோமாக வேண்டாம்.

‘ஆர்த்தோ’ என்ற சொல்லை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். உறையின் ஜிப்பைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பல வண்ணத் துண்டுகளை அழுத்தி ஒட்டிய ரீபாண்டட் ஃபோம் இருந்தால், அது கெட்டியாக, கனமாக இருக்கும். மோட்டார்தான் அதை இழுத்து மடக்க வேண்டியிருக்கும். ஃப்ரிட்ஜ் பெட்டிக்குள் வருமே, வெள்ளையாக வழவழவென்று, அந்த இ.பி.இ. தகடு இருந்தால் கட்டாயம் வேண்டாம். ஒருமுறை மடிந்த இடத்தில் மடிப்பு நிரந்தரமாக நிற்கும். மேலே லேடெக்ஸ், நடுவில் ரீபாண்டட் என்று கலந்து வருவதும் உண்டு. அதில் நடு அடுக்கு 1 இஞ்சுக்கு மேல் இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

உறைக்கும் அதே கவனம் வேண்டும். பனியன் துணி போல நாலாபக்கமும் இழுபடும் பின்னல் துணி உறைதான் சரி. கனமான ஜக்கார்ட் துணியை உள்ளே பஞ்சு வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்திருந்தால், உள்ளே உயர்ந்த லேடெக்ஸ் இருந்தும் பிரயோஜனமில்லை. இடுப்பில் துணி சுருங்கித் திரளும், முழங்காலில் டிரம் போல விறைக்கும். மெத்தைக்கு மேலே தனியாகத் தலையணை போலத் தைத்த ‘பில்லோ டாப்’பும் இதே காரணத்துக்காக வேண்டாம்.

கடையில் மோட்டார் கட்டில் இருந்தால் இப்படிச் சோதியுங்கள். தலைப் பக்கத்தை முழுதாக உயர்த்தச் சொல்லுங்கள். பக்கவாட்டில் குனிந்து, இடுப்புக் கீல் இருக்கும் இடத்தில் மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே கையை நுழையுங்கள். விரல் நுனி போனால் பரவாயில்லை. உள்ளங்கை முழுதும் போனால் அந்த மெத்தை வேண்டாம். பிறகு மேல் பக்கம் கையால் தடவி, மேடு தட்டுகிறதா என்று பாருங்கள். கட்டிலை இறக்கி ஒரு நிமிடம் விடுங்கள். கோடு தெரிந்தால் அது நாளை தழும்பாகும். எல்லாம் சரி என்றால் தலைப் பக்கத்தைத் தூக்கிவைத்துப் பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள், கூச்சப்படாமல். கடையில் அந்தக் கட்டில் இல்லையென்றால், தலை ஓரத்திலிருந்து 30 இஞ்ச் தள்ளி ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஓரத்தைத் தூக்கினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

சுருட்டி, காற்றை உறிஞ்சிப் பெட்டியில் வரும் மெத்தை என்றால் 48 மணி நேரம் சமதளத்தில் விரித்துவைத்த பிறகே கட்டிலை உயர்த்துங்கள். வாங்கும்போது “மோட்டார் கட்டிலில் பயன்படுத்தலாம்” என்று பில்லில் எழுதி வாங்குங்கள். மெத்தையை மடித்தால் வாரண்டி கிடையாது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பிறகு வாதாடிப் பயனில்லை.

எனக்கு நெஞ்செரிச்சல் உண்டு. இரவில் தலைப் பக்கத்தை உயர்த்திப் படுக்கச் சொன்னார் டாக்டர். கட்டிலை 45 டிகிரி வைத்தால் காலையில் வயிறும் கழுத்தும் வலிக்கிறது. மெத்தையின் கோளாறா?
– வாசகர், மயிலாப்பூர்

மெத்தை மேல் குற்றமில்லை, கோணம்தான் அதிகம். நெஞ்செரிச்சலுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் உயரம் 15 முதல் 20 சென்டிமீட்டர், அதாவது 6 முதல் 8 இஞ்ச். கட்டிலின் முதுகுப் பலகை சுமார் 80 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால் அந்த உயரம் 11 முதல் 15 டிகிரிக்குள் வந்துவிடும். 45 டிகிரி என்பது சாப்பிடவும் டிவி பார்க்கவும் உள்ள நிலை. அதில் இரவு முழுதும் கிடந்தால் வயிறு மடிந்து அழுத்தம் கூடும். இரண்டு மூன்று தலையணை அடுக்கிப் படுப்பது உதவாததும் இதே காரணத்தால்தான்.

செல்போனில் மட்டம் பார்க்கும் வசதி இருக்கும். போனை முதுகுப் பலகையின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்து 12, 13 டிகிரி வைத்துப் பாருங்கள். ரிமோட்டில் அந்த நிலையைப் பதிவுசெய்து கொள்ளலாம். முழங்கால் பக்கத்தைக் கொஞ்சமே கொஞ்சம் உயர்த்தினால் கீழே சறுக்காது. அதிகம் உயர்த்தினால் மறுபடி வயிறு மடியும். ஒரு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் டாக்டரிடம் திரும்பச் சொல்லுங்கள்.

மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். வாடகைக்கு ஃபவுலர் கட்டிலும் (தலைப் பக்கத்தையும் முழங்கால் பக்கத்தையும் கைப்பிடியால் சுழற்றி உயர்த்தும் மருத்துவமனைக் கட்டில்) அதோடு ரெக்சின் மெத்தையும் வந்தது. தலைப் பக்கத்தைச் சுழற்றி உயர்த்தியதும் கால் பக்கமாகச் சறுக்கி வந்துவிடுகிறார். இடுப்புக்குக் கீழே சிவந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.
– வாசகி, பெரம்பூர்

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து, பிறகு சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. அழுத்தியும் சிவப்பு மாறாமல் இருந்தால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். இன்றே மருத்துவரிடமோ வீட்டுக்கு வரும் செவிலியரிடமோ காட்டுங்கள். அந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்யாதீர்கள். கறுத்த தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

இனி சறுக்கல். தலைப் பக்கம் உயரும்போது எலும்பு கீழே இறங்கப் பார்க்கும், தோல் விரிப்போடு ஒட்டி நிற்கும். நடுவில் உள்ள சதையும் ரத்தக் குழாயும் இழுபடும். அழுத்தத்தோடு இந்த இழுவையும் சேர்ந்தால் புண் சீக்கிரம் வரும். எனவே வரிசையை மாற்றுங்கள்: முதலில் முழங்கால் பக்கத்துச் சுழற்றியைச் சுற்றிக் கொஞ்சம் உயர்த்துங்கள், பிறகு தலைப் பக்கம். இறக்கும்போது முதலில் தலை, அப்புறம் கால். சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரத்தில் டாக்டர் வேறு சொல்லாவிட்டால் 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். தூக்கிய பிறகு அவரை லேசாக முன்னால் சாய்த்து, முதுகை மெத்தையிலிருந்து ஒரு கணம் விடுவித்து மறுபடி சாயவையுங்கள். ஒட்டிய தோல் விடுபடும்.

அவரது இடுப்பு மூட்டு கட்டிலின் இடுப்புக் கீலுக்கு நேரே இருக்கிறதா என்று பாருங்கள். கீழே இறங்கிப் படுத்திருந்தால், தலைப் பக்கம் தூக்கும்போது இடுப்புக்குப் பதில் நெஞ்சுக்கூடு மடியும். மேலே ஏற்ற வேண்டும் என்றால் கட்டிலைத் தட்டையாக்கி, இரண்டு பேர் அடிவிரிப்பைப் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். அக்குளைப் பிடித்து இழுப்பது கூடவே கூடாது.

அந்த ரெக்சின் மெத்தை நான்கு துண்டாகத் தைத்ததா? அப்படியானால் தையல் கோடுகள் கட்டிலின் கீல்களுக்கு நேராக விழ வேண்டும். 2 இஞ்ச் தள்ளி விழுந்தாலே துண்டு பாலம்போல நின்றுகொள்ளும். ரெக்சின் வியர்வையை விடாது; சென்னையில் அரை மணியில் முதுகு நனைந்துவிடும், நனைந்த தோல் சீக்கிரம் கிழியும். மேலே பருத்தி விரிப்பு போட்டு, ஈரமானதும் மாற்றுங்கள்.

நீண்ட நாள் படுக்கை என்றால் அந்த மெத்தைக்கு மேலே ஏர் பெட் (சிறு மோட்டார் காற்று நிரப்பும் மெத்தை) தேவைப்படும். அதை மோட்டார் ஒலியை வைத்து நம்பாதீர்கள், கையை வைத்துச் சோதியுங்கள். அவர் படுத்திருக்கும்போது ஏர் பெட்டுக்கும் கீழ் மெத்தைக்கும் நடுவே, இடுப்பு எலும்புக்கு நேராக, உள்ளங்கை மேல் பார்க்க நுழையுங்கள். உங்கள் கைக்கும் எலும்புக்கும் நடுவே குறைந்தது ஒரு இஞ்ச் காற்று இருப்பது தெரிய வேண்டும். எலும்பு கையில் தட்டினால் காற்று போதாது. தலைப் பக்கத்தை உயர்த்தும்போது எடை முழுதும் இடுப்பில் இறங்கும் என்பதால், அந்த நிலையிலும் ஒருமுறை பாருங்கள். ஏர் பெட் இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது நிற்கக் கூடாது. குதிகால்கள் மெத்தையைத் தொடாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வையுங்கள்.

ஃபவுலர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். வயிற்றுக்குள் சீழ் பிடித்த நோயாளிகளைத் தலைப் பக்கம் உயர்த்திப் படுக்கவைத்துப் பார்த்த அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் ரைர்சன் ஃபவுலர் (1848–1906). அவர் பெயர்தான்.

கடையில் “ஸ்பிரிங் மெத்தையும் மடங்கும் சார்” என்கிறார்கள். எல்லா ஸ்பிரிங்கும் ஒன்றா?
– வாசகர், திருவான்மியூர்

இல்லை. பானல் ஸ்பிரிங்கில் எல்லாச் சுருள்களும் கம்பியால் ஒன்றோடொன்று பின்னப்பட்டு, ஓரத்தைச் சுற்றி ஒரு தடித்த கம்பி ஓடும். மடக்கினால் அந்தக் கம்பி கோணிவிடும், பிறகு நிமிராது. மெத்தையின் மேல் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே சுற்றிவாருங்கள். உள்ளே கம்பி நிரடினால் அது வேண்டாம்.

பாக்கெட் ஸ்பிரிங்கில் ஒவ்வொரு சுருளும் தனித் துணிப் பைக்குள் இருக்கும். ஓரக் கம்பி இல்லாத, 8 இஞ்சுக்கு மிகாத பாக்கெட் ஸ்பிரிங் மடங்கும். ஆனால் ஓரம் அமுங்காமல் இருக்கச் சுற்றிலும் கெட்டி ஃபோம் சட்டம் வைத்திருப்பார்கள். அது இடுப்பில் மடங்க மறுக்கிறதா என்று கை நுழைத்துப் பாருங்கள். நீங்கள் இருப்பது கடற்கரைப் பக்கம். உப்புக் காற்றில் இரும்பு எதுவும் சீக்கிரம் துருப்பிடிக்கும். லேடெக்ஸோ ஃபோமோ கட்டுப்படியாகும் என்றால் அதையே எடுங்கள். கட்டிலின் கீல்களுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிலிக்கான் ஸ்ப்ரே அடியுங்கள்.

நானும் கணவரும் ஒரே கட்டிலில் தனித்தனியாக உயர்த்திக்கொள்ளும் வகை வாங்கியிருக்கிறோம். ஒரே பெரிய மெத்தை போடலாமா?
– வாசகி, கே.கே. நகர்

கூடாது. ஒரு பக்கம் உயர்ந்து இன்னொரு பக்கம் தாழ்ந்தால் மெத்தை நடுவில் முறுகும். உறையின் தையல் முதலில் பிரியும், பிறகு ஃபோம் கிழியும். 36-க்கு 78 இஞ்சில் இரண்டு மெத்தை வாங்குங்கள். இருவருக்கும் வேறு வேறு மென்மை வேண்டுமென்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், தடிமன் மட்டும் ஒன்றாக இருக்கட்டும். நடு இடைவெளியை அடைக்க விற்கும் ஃபோம் பட்டை, இருபக்கமும் சேர்ந்து உயரும்போதுதான் நிற்கும். தனித்தனியாக உயர்த்துபவர்களுக்கு அது விரல் மாட்டும் இடம். விரிப்பும் இரண்டு சிங்கிள்தான்.

தேக்குக் கட்டில் இருக்கிறது. அதன் சட்டத்துக்குள்ளேயே மோட்டார் பேஸை (மெத்தையைத் தாங்கி உயர்த்தும் மோட்டார் அடிப்பகுதியை) வைக்க முடியுமா? மெத்தை அளவு எப்படி எடுப்பது?
– வாசகர், தாம்பரம்

நான்கு பக்கச் சட்டம் மட்டும் இருந்து, நடுப் பலகைகளைக் கழற்ற முடிந்தால் வைக்கலாம். பேஸ் அதன் சொந்தக் கால்களில் தரையில் நிற்க வேண்டும். கட்டிலின் உள் அளவு பேஸைவிட எல்லாப் பக்கமும் ஒரு இஞ்சாவது பெரிதாக இருக்கட்டும். அடியில் பெட்டி வைத்த ஸ்டோரேஜ் கட்டில் என்றால் விட்டுவிடுங்கள். மோட்டாருக்கும் கம்பிகளுக்கும் இடம் இருக்காது.

அளவில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். நம் கடைகளில் மெத்தை நீளம் 72, 75, 78 இஞ்ச் என்று வரும். வெளிநாட்டு பேஸ் பெரும்பாலும் 80 இஞ்ச். 80 இஞ்ச் பேஸில் 75 இஞ்ச் மெத்தையைப் போட்டால், கால் பக்கத் தடுப்புக் கம்பிவரை அது சறுக்கி வரும், தலைப் பக்கம் 5 இஞ்ச் பலகை வெளியே தெரியும், படுப்பவரின் இடுப்பும் கீலைவிட்டுக் கீழே போய்விடும். பேஸை அளந்து, அதே அளவுக்கோ அரை இஞ்ச் குறைவாகவோ ஆர்டர் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். கூடுதலாக இருக்கவே கூடாது.

உயரத்தையும் கூட்டிப் பாருங்கள். முதியவர் ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் பதிய வேண்டும். தரையிலிருந்து மெத்தையின் மேல்வரை 18 முதல் 20 இஞ்ச் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக இருக்கும். குள்ளமானவர்களுக்கு அதைவிடக் குறைவு. பேஸே 14 இஞ்ச் என்றால் 6 இஞ்ச் மெத்தையோடு நிறுத்துங்கள். 10 இஞ்ச் மெத்தை பார்க்கக் கம்பீரமாக இருக்கும், பாட்டி இறங்கும்போது விழுவார்.

மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறும், கரண்டும் போகும். தலைப் பக்கம் தூக்கியிருக்கும்போது கரண்ட் போனால்?
– வாசகி, வேளச்சேரி

சில பேஸ்களில் அடியில் ஒரு சிறு பெட்டியும் அதில் இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளும் இருக்கும். கரண்ட் போனால் கட்டிலை ஒருமுறை இறக்க அது போதும். ஐப்பசி பிறப்பதற்குள் வருடம் ஒருமுறை மாற்றிவிடுங்கள். மாற்றியதும் கட்டிலை உயர்த்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இறங்குகிறதா என்று சோதியுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் கட்டிலின் அடாப்டரில் எழுதியுள்ள வாட்ஸைப் பார்த்து எலெக்ட்ரீஷியனிடம் கேட்டு இணையுங்கள்.

2015 டிசம்பரையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் வேளச்சேரியில் இருப்பவர்களுக்கு நாங்கள் நினைவூட்ட வேண்டியதில்லை. அடாப்டர் பெட்டி எப்போதும் தரையில்தான் கிடக்கும், வீடு துடைக்கும் தண்ணீரே அதற்கு ஆபத்து. அதைக் கட்டில் சட்டத்தோடு உயர்த்திக் கட்டுங்கள். வெள்ள எச்சரிக்கை வந்தால் கட்டிலைத் தட்டையாக்கி, பிளக்கைப் பிடுங்கி, மெத்தையை மேலே ஏற்றிவிடுங்கள். தெருத் தண்ணீரில் ஊறிய ஃபோமையோ லேடெக்ஸையோ காயவைத்துப் பயன்படுத்தாதீர்கள். சாக்கடை கலந்த தண்ணீர் உள்ளே இறங்கினால் எடுக்க வழியில்லை.

அம்மா வீட்டு இலவம் பஞ்சு மெத்தை இருக்கிறது. அது நன்றாக மடங்குமே? அதையும், புதிதாக வாங்கும் லேடெக்ஸையும் மொட்டை மாடியில் காயவைக்கலாமா?
– வாசகி, புரசைவாக்கம்

மடங்கும். இலவம் பஞ்சின் குளிர்ச்சிக்கு ஈடும் இல்லை. ஆனால் தினமும் சாய்த்தால் பஞ்சு கீழ் நோக்கி நகர்ந்து இடுப்பில் கட்டி கட்டியாகத் திரளும், முதுகுப் பக்கம் வெறும் துணியாகிவிடும். 15 டிகிரிக்குள் மட்டும் உயர்த்துபவர்கள், 3 இஞ்ச் மெத்தையில் அரை அடிக்கு ஒரு முடிச்சு நெருக்கமாகப் போடச் சொல்லி, எச்.ஆர். ஃபோமுக்கு மேலே விரித்துக்கொள்ளலாம். பஞ்சு அடித்துத் தைப்பவர் இன்னும் உங்கள் பக்கம் வருகிறார் என்றால் விடாதீர்கள்.

வெயில் விஷயத்தில் இரண்டும் நேர் எதிர். பஞ்சு மெத்தைக்கு வெயில் மருந்து. லேடெக்ஸுக்கு விஷம், நேர் வெயிலில் மஞ்சளித்து, இறுகி, தொட்டால் உதிரும். லேடெக்ஸையும் மெமரி ஃபோமையும் நிழலில், மின்விசிறிக் காற்றில் ஆறவிட்டால் போதும். உறையை மட்டும் கழற்றித் துவைத்து வெயிலில் போடுங்கள்.

விரிப்பு தினமும் தலைப் பக்க மூலையில் கழன்றுவிடுகிறது. என்ன செய்வது?
– வாசகர், வில்லிவாக்கம்

கட்டிலை உயர்த்திவைத்து மெத்தையின் தலை ஓரத்தைப் பக்கத்திலிருந்து பாருங்கள். அடி விளிம்பைவிட மேல் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு சரிவாக நிற்கும். அந்த நீட்டல்தான் மூலையைப் பிடுங்குகிறது. சுற்றிலும் எலாஸ்டிக் வைத்த விரிப்பை, மெத்தைத் தடிமனைவிட 4 இஞ்ச் கூடுதல் ஆழத்தில் தைத்துக்கொள்ளுங்கள். துணி பனியன் ரகமாக இருந்தால் இன்னும் நல்லது. சாதாரண விரிப்புதான் இருக்கிறது என்றால் தலை ஓரத்திலும் கால் ஓரத்திலும் மட்டும் செருகி, இடுப்புப் பக்கத்தில் செருகாமல் தளர்வாகத் தொங்கவிடுங்கள். விரிப்பைப் போடும்போது கட்டிலைப் பாதி உயர்த்திவைத்துப் போட்டால், இறக்கிய பிறகு கொஞ்சம் சுருக்கம் தெரியும், ஆனால் இரவில் கழலாது.